ஒன்பது பெயர் எழுதிய துண்டு

போன மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. மாத்தளை பஸ் நிலையத்தில், தம்புள்ளை பஸ் நிற்கிற இடத்தருகே லொத்தர் சீட்டு விற்கும் ஒற்றைக்கால் மனிதர். ஒருகாலத்தில் ஆமியில் இருந்தவர். பஸ்ஸின் முன் சீட்டில் உட்காரப் போனவரைக் கண்டக்டர் பையன் கையைப் பிடித்து இறக்கிவிட்டானாம். படத்தைப் போட்டவர் சிரிக்கிற முகம் ஒன்றையும் சேர்த்துப் போட்டிருந்தார். அதன் கீழே நீங்கள் எழுதியவற்றை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். "நல்லா வேணும்." "யாரு போகச் சொன்னது?" "பால்சோறு ஊட்டினவங்க இப்ப எங்க?" கடைசியாக ஒருவர் எழுதினார்: "நம்ம சந்து ஆமிக் கிழவன் ஞாபகம் வருது. ஒன்பது பேரக் காட்டிக் குடுத்த நாய்." அதற்கு ஏழு பேர் கைதட்டியிருந்தீர்கள்.

அந்தக் கிழவன் என் பெரியப்பா. உங்கள் எல்லோருக்கும் அது தெரியும். நான் குழுவில் இருப்பதும் தெரியும். இத்தனை வருஷம் ஆகிவிட்டதே, இனி இவளுக்கு உறைக்காது என்று நினைத்திருப்பீர்கள். உறைத்தது. ஆனால் நீங்கள் நினைக்கிற காரணத்தால் அல்ல.

அவர் நல்லவர் என்று நிறுவுவதற்காக நான் இதை எழுதவில்லை. ஒன்பது பேரைக் கூட்டிக்கொண்டு போனது அவர்தான். நம் சந்தே அதைப் பார்த்தது. அதற்குப் பிறகு நடந்ததையும் நீங்கள் பார்த்தீர்கள், ஆனால் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கடைத்தெரு எரிந்ததற்கு அடுத்த வருஷம் அது. நாம் எட்டாம் வகுப்பில் இருந்தோம். ஆனால் அதற்கு முன்னே அவர் எப்படி இருந்தார் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீங்கள் அதை வசதியாக மறந்துவிட்டீர்கள்.

வெள்ளைக்காரன் இருக்கும்போதே பட்டாளத்தில் லொறி ஓட்டச் சேர்ந்தவர் பெரியப்பா. வெள்ளைக்காரன் போன பிறகும் இருந்து, சார்ஜனாகி, ஓய்வூதியத்தோடு வந்தார். தாத்தா டவுனில் கடை வைத்திருந்ததால் இந்தியாவிலிருந்து வந்தவர்களில் பிரஜாவுரிமை கிடைத்த கொஞ்சக் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அதனால்தான் அவரால் அங்கே நீடிக்க முடிந்தது. கலியாணம் கட்டவில்லை. எங்கள் வீட்டு முன்னறை அவருடையது. சனிக்கிழமை காலையில் அந்த அறையிலிருந்து சப்பாத்துப் பொலிஷ் வாசனையும், கஞ்சி போட்ட காக்கித் துணியில் சிரட்டைக் கரி இஸ்திரிப் பெட்டி ஏறும் வாசனையும் வரும். இரண்டு பதக்கங்களையும் சாம்பல் தொட்டுத் தேய்ப்பார். ஓய்வூதியம் எடுக்கப் போகும் நாளில் முழு உடுப்பில்தான் தபால் கந்தோருக்குப் போவார். அவர் பின்னால் நீங்கள் கையை வீசி வீசி நடந்தது உங்களுக்கு நினைவில்லையா? பைப்படியில் நம் அம்மாமார் தலைமயிரைப் பிடித்துச் சண்டை போட்டபோது விசில் ஊதி வரிசை கட்டியது அவர்தான். பொலிசுக்குப் போக வேண்டுமென்றாலும், அரசாங்கக் கச்சேரியில் ஒரு படிவம் நிரப்ப வேண்டுமென்றாலும், "பட்டாளத்து ஐயா இருக்காரா?" என்றுதான் எங்கள் கதவைத் தட்டுவார்கள்.

கடைத்தெரு எரிந்த அன்று அவர் உடுப்பைப் போட்டுக்கொண்டு சந்து வாசலில் பிரம்போடு நின்றார். முன்னால் இருந்த இரண்டு வீடுகளுக்கும் அவர் கண்முன்னேதான் நெருப்பு வைத்தார்கள். அவரைத் தள்ளிவிட்டார்கள், விழுந்து எழுந்து மறுபடியும் நின்றார். அந்த நேரம் பெரிய வீதியில் ஆமி லொறி ஒன்று வந்தது. பெரியப்பா வீதிக்கு ஓடிப்போய், நேராக நின்று சல்யூட் அடித்துக் கையை நீட்டினார். லொறி நிற்கவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவன் திரும்ப சல்யூட் அடித்துக் காட்டிச் சிரித்தான்.

அன்று சாயந்தரம் எல்லோரும் கோயில் மண்டபத்தில் கூடியிருந்தபோது யாரோ கேட்டார்கள், "என்ன ஐயா, உங்க ஆளுங்க பாத்துக்கிட்டே போறாங்களே?"

பெரியப்பா சொன்னார், "ஆர்டர் வந்திருக்காது."

அந்த இரண்டு வார்த்தையைச் சந்து மறக்கவேயில்லை. அடுத்த நாளிலிருந்து சின்னப் பிள்ளைகள்கூட அவர் போகும்போது முதுகுக்குப் பின்னால் "ஆர்டர் வந்திருக்காது" என்று கத்தினார்கள். பைப்படியில் எங்கள் வாளி கடைசிக்குப் போனது. அவர் விசிலைக் கழுத்தில் மாட்டுவதை நிறுத்தினார். உடுப்பை மட்டும் நிறுத்தவில்லை.

அடுத்த வருஷம் புரட்டாசியில் சுற்றிவளைப்பு வந்தது. விடிந்து கொஞ்ச நேரம். தூறல். ஜீப்பில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு பாதித் தமிழில் சொல்லிக்கொண்டு போனார்கள்: பதினைந்து முதல் முப்பது வயதுவரை உள்ள ஆண்கள் எல்லோரும் அடையாள அட்டையோடு மைதானத்துக்கு வர வேண்டும். நம் அண்ணன்மார் அதற்கு முன்பே ஒளிந்துவிட்டார்கள். என் அண்ணனும் வேறு சிலரும் தேர்க் கொட்டகையில். ஏலக்காய்க் கடையில் வேலை பார்த்த அண்ணன் அந்தக் கடையின் மேல்மாடியில், சாக்குகளுக்கு நடுவில். அவர் என் பெஞ்சுக்காரியின் அண்ணன். முதலாம் வகுப்பிலிருந்து நானும் அவளும் ஒரே பெஞ்சு. அவள் அம்மாவை நான் அத்தை என்று கூப்பிடுவேன்.

பெரியப்பா உடுப்பை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனார். அத்தை வீட்டு வாசலில் நான் நின்றேன்.

"ஒளிஞ்சிருந்து மாட்டினாத்தான் ஆபத்து. தானா போனா பேர எழுதிக்கிட்டு விட்ருவாங்க. எனக்குத் தெரியாத பட்டாளமா?"

"போன வருஷம் ஒங்க பட்டாளந்தானேங்க ஐயா லொறியில ஒக்காந்து சிரிச்சுக்கிட்டுப் போச்சு."

"அன்னைக்குப் பொறுப்பான ஆளு யாரும் கூட இல்ல. இன்னைக்கு ஆபீசர் நேரா வந்திருக்கான். எல்லாம் முறைப்படி நடக்கும்."

"எனக்கு இவன் ஒருத்தந்தான் ஐயா."

"எங்க வீட்டுலயும் ஒருத்தந்தான். அவன முன்னால நிறுத்திக் கூட்டிக்கிட்டுப் போறேன். போதுமா?"

மகனைக் கூட்டிவர அத்தையே ஏலக்காய்க் கடைக்குப் போனார்.

எங்கள் வீட்டில் அம்மா அப்பாவின் சட்டையைப் பிடித்து உலுக்கினார். "ஒங்க அண்ணனுக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கு. நீங்களாவது வேணாம்னு சொல்லுங்க." அப்பா தரையைப் பார்த்தபடி, "அண்ணனுக்குத் தெரியாததா?" என்றார். அப்பாவுக்குப் பெரியப்பாவை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. அன்றைக்கு அந்தப் பழக்கத்தை விட்டிருக்கலாம்.

ஒன்பது பேர். இரண்டிரண்டு பேராக நிறுத்தினார். முதல் வரிசையில் என் அண்ணன். ஏலக்காய்க் கடை அண்ணனுக்கு ஜோடி இல்லை. கடைசியில் பெரியப்பாவோடு நடந்தார். தலையில் சாக்குத் தூசி இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற தங்கையைப் பார்த்து, "என் சைக்கிளத் தொட்ட, காலை ஒடிப்பேன்" என்றார். அவள் நாக்கைத் துருத்திக் காட்டினாள். சப்பாத்துச் சத்தம் தாளம் பிசகாமல் மைதானம் வரைக்கும் கேட்டது.

மூன்று மணிக்குப் பெரியப்பா தனியாகத் திரும்பி வந்தார்.

அம்மாமார் எல்லோரும் எங்கள் வாசலில் நின்றார்கள். அவர் சட்டையின் இடது பைப் பொத்தானைக் கழற்றி ஒரு கடுதாசித் துண்டை எடுத்தார். கொப்பியில் கிழித்த தாள். அவர் கையால் ஆங்கிலத்தில் எழுதிய ஒன்பது பெயர்கள். அதற்குக் கீழே ஆபீசர் ஒருவனின் கையெழுத்தும் தேதியும்.

"முகாமுக்குக் கொண்டுபோயிருக்காங்க. விசாரிச்சிட்டு அனுப்புவாங்க. நான் சும்மா விடல. எண்ணிக் குடுத்து, கையெழுத்து வாங்கியிருக்கேன். ஒரு ஆள் கொறஞ்சாலும் இவன்தான் பதில் சொல்லணும்."

அவர் அதைப் பெருமையாகச் சொன்னார். அதைத்தான் என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

அத்தை கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்தார். அதுவரை அவரை "ஐயா" என்று மட்டுமே கூப்பிட்டவர் ஒருமைக்கு இறங்கினார். "எண்ணிக் குடுத்தியா? ஆட்டுக்குட்டியாடா அதுங்க, எண்ணிக் குடுத்துத் துண்டு வாங்கிட்டு வர?" குனிந்து ஈர மண்ணை இரண்டு கையாலும் வாரி அவர் மேல் எறிந்தார். மற்றவர்களும் எறிந்தார்கள். கஞ்சி போட்ட சட்டையில் மண் ஒட்டவில்லை, சறுக்கி விழுந்தது. பெரியப்பா தாளை மடித்துப் பையில் போட்டுப் பொத்தானைப் பூட்டினார். அவர் மேல் மண் எறிந்த கைகளில் என் அம்மாவின் கையும் இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை என் பெஞ்சுக்காரி வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். நீங்கள் யாரும் என்னோடு சாப்பிடவில்லை. வீட்டிலும் அதே கதைதான். அம்மா பெரியப்பாவின் தட்டைக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டு வந்துவிடுவார். அவர் குந்திச் சாப்பிட்டுக் கழுவிக் கவிழ்ப்பார். மழை பெய்தால் சோற்றில் தண்ணீர் விழும். அம்மா ஜன்னலால் பார்த்துக்கொண்டு நிற்பார்.

இருபத்து மூன்றாம் நாள் அண்ணன் வந்தான். அவனோடு வேறு நான்கு பேர். அண்ணனின் இடது காது அன்றிலிருந்து கேட்பதில்லை. அவன் எங்களிடம் சொன்னது ஒன்றே ஒன்று: அந்த ஆபீசர் துண்டில் கையெழுத்துப் போடும்போது, சாமான் ஏற்றின லொறிக்குப் போடுகிற மாதிரி இருக்கிறதே என்று சிரித்தானாம். அடுத்த கிழமை இன்னும் மூன்று பேர் வந்தார்கள். ஏலக்காய்க் கடை அண்ணன் வரவில்லை. முகாமில் கேட்டால், கொண்டுவந்ததே எட்டுப் பேரைத்தான் என்றார்கள்.

பெரியப்பா தினமும் முகாம் வாசலுக்குப் போனார். ஒரு சனிக்கிழமை அப்பா என்னையும் கூட அனுப்பினார். "சின்னப் புள்ள பக்கத்துல நின்னா கைநீட்ட மாட்டாங்க" என்றார். அது அப்பாவின் கணக்கு.

வாசலில் நின்ற சிப்பாய்க்கு என் அண்ணனைவிட இரண்டு வயது கூடுதலாக இருந்தால் அதிகம். பெரியப்பா அவனுக்கு முன்னால் குதிகாலைச் சேர்த்து நின்று, தன் பழைய இலக்கத்தைச் சொல்லி, சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னார். அவன் துவக்குக் குழல் நுனியால் பதக்கத்தைத் தூக்கிப் பார்த்தான்.

"இத எங்க திருடின, சீயா?"

சீயா என்றால் சிங்களத்தில் தாத்தா. பிறகு கிளாக்கு ஒருவர் வந்தார். துண்டை வாசித்துவிட்டு, "இத என்கிட்ட விட்டுட்டுப் போங்க, கேட்டுப் பாக்கிறேன்" என்றார், அதுவும் சிங்களத்தில். பெரியப்பா கையை இழுத்துக்கொண்டார். "அசல் என்கிட்ட இருக்கணும். பிரதி எழுதிக்கங்க." கிளாக்கு எழுதிக்கொள்ளவில்லை. வெயிலில் இரண்டு மணி நேரம் நின்றோம். வெளியே வந்த ஜீப்பில் ஓர் ஆபீசர் இருந்தான். அவன் எங்களைப் பார்க்கவேயில்லை. பெரியப்பா நிமிர்ந்து அவனுக்கு சல்யூட் அடித்தார்.

நான் அவரை விட்டு நாலு அடி தள்ளிப் போய் நின்றேன். ஏலக்காய்க் கடை அண்ணனுக்காகக்கூட அல்ல. பதக்கத்தைத் துவக்கால் தூக்கியவனின் எசமானுக்கு இவர் கையைத் தூக்கினாரே, அதற்காக. திரும்பும் வழியில் பேக்கரியில் எனக்கு ஒரு பணிஸ் வாங்கித் தந்தார். பேக்கரியின் சிங்கள முதலாளி அப்போது தட்டு நிறையப் பணிஸ் தூக்கிக்கொண்டு ஆமி லொறிக்கு ஓடிக்கொண்டிருந்தார். "எங்க சிங்கங்கள்" என்று சொல்லித் தினமும் இலவசமாகக் கொடுப்பார். நான் என் பணிஸைக் சாக்கடைக் காணுக்குள் போட்டேன். பெரியப்பா பார்த்தார்.

அந்தத் தீபாவளியை நம் சந்து கொண்டாடுவதில்லை என்று பெரியவர்கள் முடிவு செய்திருந்தார்கள். ஆனால் காலையில் உங்களில் மூன்று பேர் எங்கள் பின்கதவுக்கு வந்தீர்கள்.

"ஒன் பெரியப்பன் உடுப்ப எடுத்துக் குடு. பொம்மை செஞ்சு எரிக்கப் போறோம்."

"நான் மாட்டேன்."

"குடுத்தா ஒன்னையும் சேத்துக்குவோம்."

உங்களுக்குப் பின்னால், அவரைப் பந்தலடியில், என் பெஞ்சுக்காரி நின்றாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் என் முகத்தைப் பார்த்தாள். நான் முன்னறைக்குள் போனேன். பெரியப்பா அன்று தம்புள்ளைப் பாதையிலுள்ள நாலந்தாவில் இருந்த தன் பழைய சிநேகிதரைப் பார்க்க வேட்டி சட்டையில் போயிருந்தார். அந்தச் சிநேகிதரும் பட்டாளத்தில் லொறி ஓட்டியவர், சிங்களவர். உடுப்பு ஆணியில் மடிப்புக் கலையாமல் தொங்கியது. பதக்கத்தோடு எடுத்து வந்து கொடுத்தேன். எதையும் தடவிப் பார்க்கவில்லை.

உள்ளே தேங்காய்ப் பொச்சைத் திணித்தவர் யார், மண்ணெண்ணெய் கொண்டுவந்தவர் யார் என்று நான் எழுதப் போவதில்லை. ஒருவர் இப்போது கனடாவில் இருக்கிறார். கைதட்டிய ஏழு பேரில் அவரும் ஒருவர்.

நீங்கள் நெருப்பு வைத்து முடிக்கவும் பெரியப்பா குடையோடு சந்துக்குள் நுழையவும் சரியாக இருந்தது. பகல் இரண்டு மணி இருக்கும். காக்கிச் சட்டை கீழிருந்து எரிந்துகொண்டு வந்தது. எல்லோரும் ஒதுங்கி அவர் கத்துவதற்காகக் காத்திருந்தார்கள். அவர் நேராக என்னிடம் வந்தார். மெதுவாகக் கேட்டார்.

"பையில இருந்தத எடுத்துட்டியா?"

"எத?"

"துண்ட."

நான் தலையை ஆட்டினேன். இல்லை என்று.

அவர் குடையைக் கீழே போட்டுவிட்டுப் போய் நெருப்புக்குள் கையை விட்டார். பொம்மையின் நெஞ்சுக்குள். வெறும் கை. நீங்கள் சிரித்தீர்கள். "பதக்கத்த எடுக்கப் போறான்டா கிழவன்!" என்று ஒருவர் கத்தினார். நம் சந்தில் இன்றுவரை சொல்லப்படும் கதை அதுதான்: கை வெந்தபோதும் ஆமி கொடுத்த தகரத்துக்கு ஆசைப்பட்டான். பதக்கம் வலது பக்கம் தனியாக விழுந்து கிடந்தது. அவர் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. இடது பக்கத்தில் துழாவினார். அப்பா ஓடிவந்து இழுத்தபோது அவர் கையில் கருகிய துணி மட்டும்தான் இருந்தது.

திங்கட்கிழமை பெஞ்சுக்காரி திரும்பவும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

இரண்டு கிழமை கழித்து அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தார். கண்டியில் ஒரு வக்கீல், அந்தத் துண்டு இருந்தால் வழக்குப் போடலாம் என்று சொல்லியிருந்தாராம். பெரியப்பா கட்டுப்போட்ட கையோடு முன்னறையில் இருந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"அந்தத் துண்டக் குடு."

"இல்லம்மா. எரிஞ்சு போச்சு."

"யாரு எரிச்சா?"

என் பெயர் வரப்போகிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"என் பொறுப்புல இருந்த சாமான். நான்தான் பதில் சொல்லணும்."

"நீயே எரிச்சிட்டியா? அவனுகளக் காப்பாத்தவா?"

அவர் மறுக்கவில்லை. அத்தை அவர் முகத்தில் காறித் துப்பிவிட்டுப் போனார். அவர் என்னைக் காப்பாற்றினார், அது பாசம் என்று நான் சொல்ல மாட்டேன். அன்றிலிருந்து அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைப் பார்த்த பார்வையில் பாசம் எதுவும் இருக்கவில்லை. கார்த்திகை முடிவதற்குள் ஒரு தகரப் பெட்டியோடு நாலந்தாவுக்குப் போய், அந்தச் சிநேகிதர் வீட்டில் தங்கிவிட்டார்.

நான்கைந்து வருஷம் போனது. அரசாங்கத்தை எதிர்த்துச் சிங்கள இளைஞர்கள் கிளம்பினார்கள். இந்த முறை முகாம்களுக்குப் போனது சிங்களப் பிள்ளைகள். வீதியோரம் எரிந்து கிடந்ததும் அவர்கள்தான். பேக்கரி முதலாளியின் இரண்டாவது மகனை மாவு பிசைந்த கையோடு கூட்டிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு ஆமி லொறி வந்தால் அவர் பலகைக் கதவை இழுத்து மூடுவார். நாலந்தாவுக்குப் போய்ப் பெரியப்பாவிடம், எந்த வாசலில் நிற்க வேண்டும், யாரிடம் பேச வேண்டும் என்று கேட்டாராம். பெரியப்பா தெரிந்ததைச் சொல்லியனுப்பினார். அந்த மகனும் வரவில்லை.

அடுத்த வருஷம் பெரியப்பா இறந்தார். அம்மா எங்களைப் போக விடவில்லை. அப்பா மட்டும் போனார். அந்தச் சிநேகிதர் சவப்பெட்டியில் போர்த்தத் தேசியக் கொடி வாங்கி வைத்திருந்தாராம். அப்பா வேண்டாம் என்று சொல்லிவிட்டார். என் அப்பா வாழ்நாளில் தன் அண்ணன் விஷயத்தில் எடுத்த ஒரே முடிவு அதுதான். கேட்டிருந்தால் பெரியப்பா போர்த்தச் சொல்லியிருப்பார்.

ஏறக்குறைய இருபது வருஷம் கழித்து யுத்தம் முடிந்தது. பேக்கரி முதலாளியின் மூத்த பேரன் அப்போது ஆமியில் இருந்தான். கிழவர் தானே சந்தியில் நின்று போகிற வருகிற எல்லோருக்கும் வெற்றிப் பால்சோறு கொடுத்தார். நமக்கும் நீட்டினார். நானும் வாங்கினேன், நீங்களும் வாங்கினீர்கள். வேண்டாம் என்று சொல்ல நம்மில் ஒருவருக்கும் துணிச்சல் இருக்கவில்லை. இப்போது ஒற்றைக்கால்காரரைப் பஸ்ஸிலிருந்து இறக்கினால் சிரிக்கிற துணிச்சல் மட்டும் வந்திருக்கிறது.

யுத்தம் முடிந்து சில வருஷங்களில், காணாமற்போனவர்களைப் பற்றி விசாரிக்க ஒரு குழு வந்தது. நான் அரசாங்க மொழிபெயர்ப்பாளர் என்பதால் தமிழ்க்காரர்களின் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் சொல்ல என்னைப் போட்டார்கள். இரண்டாம் நாள் அத்தை வந்தார். கூன் விழுந்திருந்தது. என்னைக் கண்டதும் அவர் முகம் தெளிந்தது. நம்ம புள்ள இருக்கு என்ற தைரியம்.

"மகனை இராணுவம் கொண்டுபோனதற்கு எழுத்தில் ஏதாவது அத்தாட்சி இருக்கிறதா?" என்று கேட்டார்கள். நான் அத்தையைப் பார்த்து, "எழுத்துல ஏதாச்சும் இருக்குங்களா அத்தை?" என்றேன்.

"இருந்துச்சும்மா. கையெழுத்துப் போட்ட துண்டு. அந்தப் பாவி கிழவன் தன் கையாலயே எரிச்சிட்டான். ஆமிக்காரனுகளக் காப்பாத்த எரிச்சிட்டான். இவங்ககிட்ட நல்லா சொல்லு."

நான் நல்லாச் சொன்னேன். ஒரு வார்த்தையும் விடாமல் சிங்களத்தில் சொன்னேன். அவர்கள் எழுதிக்கொண்டார்கள். "ஆவணம் இல்லை" என்று எழுதியதை மேசைக்கு இப்பக்கமிருந்து தலைகீழாக வாசித்தேன்.

அத்தை போய்ப் பல வருஷமாகிவிட்டது. கடைசி வரைக்கும் காலையில் விளக்கேற்றினால் முதல் வேலையாக என் பெரியப்பாவைச் சபிப்பார் என்று அவர் மகள் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெஞ்சுக்காரிதான் இன்றைக்கும் எனக்கு இருக்கிற ஒரே சிநேகிதி. அவளும் குழுவில் இருக்கிறாள். அந்தப் படத்துக்குக் கீழே எதுவும் எழுதவில்லை, கைதட்டவுமில்லை.

படம் வந்த மறுநாள் இரத்தோட்டை வீதியில் இருக்கும் அவள் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் பாய் விரித்துக் கராம்பு காயப்போட்டிருந்தாள். உட்கார்ந்து காம்பு ஆய்ந்துகொண்டிருந்தவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவள் கை நிற்கவில்லை.

"எந்தப் பையில?"

"இடது பக்கம். பொத்தான் போட்டிருந்துச்சு."

"அன்னைக்கே ஒனக்குத் தெரியுமா?"

"அன்னைக்கே தெரியும்."

"அம்மா அந்தக் குழுவுக்கு முன்னால நின்னப்பவும்?"

"தெரியும்."

அவள் கராம்பை ஒருபக்கமாக ஒதுக்கினாள். கையைச் சேலையில் துடைத்தாள். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"உடுப்பக் கேட்டு அவனுகள ஒங்கிட்ட அனுப்பினது நான்தான்," என்றாள். "நீ குடுக்க மாட்டேன்னு அவனுக சொன்னானுக. நான் வந்து நின்னா குடுப்பான்னு நான்தான் சொன்னேன்."

நான் அவள் கையைத் தொடப் போனேன். அவள் எழுந்துகொண்டாள்.

"தொடாத. ஒன்ன என்னால மன்னிக்க முடியாது. அண்ணன் வந்திருக்கவே மாட்டாரு, அது எனக்குத் தெரியும். துண்டு இருந்தாலும் வந்திருக்க மாட்டாரு. ஆனா எங்கம்மா யாரத் திட்டணுமோ அவனுகள விட்டுட்டு, அந்த ஆளத் திட்டித் திட்டியே செத்தா. நானும் பக்கத்துல நின்னு ஆமாம் ஆமாம்னேன்."

"நான் என்ன செய்யணும்?"

"எழுது. குரூப்புல எழுது. அத்தன பேரும் படிக்கணும். என் பங்கையும் விடாம எழுது. எழுதிட்டு இந்த வீட்டுப் பக்கம் வராத."

எழுதி முடிக்க எனக்கு நான்கு கிழமை பிடித்தது. அவள் சொன்னபடி அவள் பங்கையும் எழுதிவிட்டேன். இன்று காலை கடைத்தெருவில், மரக்கறிக் கடை முன்னால் அவளைக் கண்டேன். அவளும் என்னைக் கண்டாள். வீதியைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நடந்தாள். நான் கூப்பிடவில்லை.